போர்க்கால ஜெர்மனியில் காதல் யாரையாவது காப்பாற்றியதா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

இரண்டாம் உலகப்போர் ஜெர்மனியை வைத்து வரும் காதல் நாவல்களை வரிசையாகப் படித்து அலுத்துவிட்டேன். எதை எடுத்தாலும் சீருடை போட்ட ஒரு நல்லவன், ஒளிந்து வாழும் ஒரு அழகி, பனி கொட்டும் ரயில் நிலையம். கடைசியில் காதல் ஜெயித்துவிடும். நிஜத்தில் அங்கே காதல் யாரையாவது காப்பாற்றியதா, இல்லை எல்லாமே கதை விடுவதுதானா? பெர்லின் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

காப்பாற்றியது. ஆனால் அதைச் செய்தது நீங்கள் படித்த ரகக் காதல் கிடையாது. பழைய கல்யாணம். இருபது முப்பது வருஷம் ஓடி, சண்டையும் சலிப்பும் சேர்ந்து, பல் விழ ஆரம்பித்த கல்யாணம்.

1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் இனிமேல் திருமணம் கூடாது, உறவும் கூடாது. ஏற்கெனவே நடந்த திருமணங்களை மட்டும் அந்தச் சட்டம் ரத்து செய்யவில்லை. 1938இல் வந்த புதிய திருமணச் சட்டம், "இவர் யூதர் என்பதன் பொருள் எனக்கு இப்போதுதான் புரிகிறது" என்கிற பாணியில் விவாகரத்து கேட்பதை எளிதாக்கியது. நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "ஏனம்மா இன்னும் இந்த ஆளோடு இருக்கிறாய்?" என்று கேட்பார்கள். வேலை போகும், வீடு போகும், சொந்தத் தங்கையே வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாள். விவாகரத்து ஆனால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு. அவன் பெயர் முகாமுக்குப் போகும் அடுத்த ரயிலின் பட்டியலில் ஏறும்.

அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் இருந்தாள். காலையில் எழுந்தாள், காப்பி போட்டாள், இன்றைக்கும் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே பல வருஷம். நாவலாசிரியருக்கு இது பெரிய தலைவலி. முத்தக் காட்சியை எங்கே வைப்பது?

பிப்ரவரி 10

கீழே ஒருவர், "அப்படியானால் கலப்புமணம் செய்தவர்கள் சுகமாக இருந்தார்கள் என்கிறீர்களா" என்று சூடாகக் கேட்டிருக்கிறார். சுகமா!

அதிலும் இரண்டு தட்டு உண்டு. கணவன் யூதரல்லாதவன், மனைவி யூதர், பிள்ளைகளை யூத மதத்தில் வளர்க்கவில்லை என்றால் அது "சலுகை பெற்ற" திருமணம். மஞ்சள் நட்சத்திரம் வேண்டாம், சொந்த வீட்டில் இருக்கலாம். கணவன் யூதன், பிள்ளை இல்லை என்றால் சலுகை இல்லை. அவன் சட்டையில் நட்சத்திரம் தைக்க வேண்டும், இருவரும் "யூத வீடு" என்று ஒதுக்கிய கட்டடத்தில் ஒரு அறையில் போய் அடைய வேண்டும். யூதரல்லாத மனைவியும் சேர்ந்துதான். பக்கத்து அறையில் இன்னொரு குடும்பம், பொதுச் சமையலறை, எப்போது வேண்டுமானாலும் சோதனை.

நட்சத்திரம் பற்றி இன்னொன்று. ஜெர்மனியில் அது கட்டாயமானது 1941 செப்டம்பர் 19 முதல், ஆறு வயதிலிருந்து. ஹிட்லர் வந்த மறுவாரமே கதாநாயகி நட்சத்திரத்தோடு தெருவில் நடக்கும் நாவல் ஒன்றை ரயிலில் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 10, இன்னும் கொஞ்சம்

சொல்ல விட்டது: யூதரல்லாத துணை இறந்தாலும் பாதுகாப்பு போயிற்று. மனைவிக்கு நிமோனியா காய்ச்சல் வந்தால் கணவனுக்கு ரயில். அவள் இருமுகிற ஒவ்வொரு முறையும் அவன் என்ன நினைத்திருப்பான்? அக்கறையா பயமா என்று அவனுக்கே பிரித்துச் சொல்ல முடிந்திருக்குமா? நான் படித்த வரையில் இதை ஒருவரும் தொடவில்லை.

பிப்ரவரி 12

உதாரணம் கேட்டீர்கள். விக்டர் கிளெம்பெரர், எவா கிளெம்பெரர். டிரெஸ்டன் நகரம். அவர் அங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, இத்தாலிய இலக்கியங்கள் நடத்திய பேராசிரியர், யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர், முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டவர். எதுவும் செல்லவில்லை, 1935இல் வேலை போயிற்று. எவா இசை படித்தவர், பியானோ வாசிப்பவர், யூதரல்லாதவர். பிள்ளைகள் இல்லை, ஆகவே சலுகையும் இல்லை.

இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம் அவருடைய நாட்குறிப்புகள். அவர் இறந்து முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1995இல்தான் அச்சாயின. அதில் ஊடலும் கூடலும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பணக் கணக்கு, பல்வலி, நெஞ்சு படபடப்பு, செத்துப்போய்விடுவோமோ என்ற ஓயாத புலம்பல். எவாவுக்கு ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு வீடு கட்டித் தோட்டம் போட வேண்டும் என்று வெறி. கையில் காசு இல்லை, நாடு இருக்கும் நிலைமையில் வீடு எதற்கு என்று இவர் முணுமுணுக்கிறார். கடைசியில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். ஐம்பது வயது தாண்டிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பழைய கார் வேறு வாங்குகிறார். 1938 முடிவதற்குள் யூதர்கள் கார் ஓட்டக் கூடாது என்று உத்தரவு வருகிறது. 1940இல் வீட்டையும் விட்டுப் போகச் சொல்கிறார்கள்.

எழுதிய தாள்களை வீட்டில் வைத்திருந்தால் சாவு. எவாதான் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு பிர்னா ஊரில் இருந்த மருத்துவரான தோழி ஆன்னெமாரி கோலரிடம் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். நட்சத்திரம் இல்லாதவர் என்பதால் ரயிலில் போக முடிந்தது. ஒருமுறை பிடிபட்டிருந்தால் மூவரும் தொலைந்தார்கள். தாள்களில் பெயர் வரும் மற்ற எல்லோரும் கூட. கணவரின் புலம்பலைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் உயிரைப் பணயம் வைத்து ரயில் ஏறுகிறார். எனக்கு இதற்கு மேல் ஒரு காதல் காட்சி வேண்டாம்.

1945 பிப்ரவரி 13. டிரெஸ்டனில் மிச்சம் இருந்த யூதர்களுக்கு, மூன்று நாளில் "வெளியூர் வேலைக்கு" ஆஜராகும்படி அறிக்கை. அதை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வரும் வேலையைக் கிளெம்பெரர் தலையில் கட்டினார்கள். அதன் அர்த்தம் வாங்கியவர்களுக்கும் தெரியும், கொடுத்தவருக்கும் தெரியும். அன்று இரவே நேச நாட்டு விமானங்கள் வந்தன, நகரம் எரிந்தது. தீயில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். மறுநாள் காலை எல்பே நதிக்கரை மேல்தளத்தில் எவா ஒரு பெட்டியின் மீது உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு. அவர் சொன்னதைக் கணவர் எழுதி வைத்திருக்கிறார்: இரவில் ஒரு சிகரெட் பற்றவைக்க வேண்டும் போல் இருந்தது, தீப்பெட்டி இல்லை, தரையில் ஏதோ கனன்றுகொண்டிருந்தது, அதில் பற்றவைக்கலாம் என்று குனிந்தார். அது எரிந்துகொண்டிருந்த ஒரு பிணம்.

பிறகு எவா ஒரு சின்னப் பேனாக்கத்தியால் கணவரின் கோட்டிலிருந்து நட்சத்திரத்தை வெட்டி எடுத்தார். ஊரே எரிந்தபின் யார் யூதர் என்று சொல்ல ஆவணம் ஏது? காகிதம் தொலைந்த அகதிகளாக பவேரியா வரைக்கும் போய்ச் சேர்ந்து, போர் முடியும்வரை தப்பித்தார்கள். அவருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது, எவாவுக்கு அறுபத்து இரண்டு.

பிப்ரவரி 12, நள்ளிரவு

டிரெஸ்டன் குண்டுவீச்சு சரியா தவறா என்ற சண்டைக்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே வேண்டாம்.

பிப்ரவரி 13

கிளெம்பெரர்களிடம் ஒரு பூனையும் இருந்தது என்று நான் வேறொரு இழையில் எழுதியது உண்மைதான். எல்லோரும் அதையே கேட்கிறீர்கள். மனிதர்கள் செத்ததற்கு ஒரு பின்னூட்டம், பூனைக்குப் பதினைந்து.

பெயர் முஷெல். 1942 மே மாதம் யூதர்கள் வீட்டு விலங்கு வளர்க்கக் கூடாது என்று உத்தரவு. யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் அனுமதி இல்லை. யூத வீட்டுப் பூனை என்றால் பூனைக்கும் தீட்டு! நாள் குறித்து மொத்தமாக ஒப்படைக்கும் வரை காத்திருக்காமல், எவாவே அதை ஒரு கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் கருணைக் கொலை செய்யச் சொன்னார். அதற்கு முன் தங்கள் இறைச்சிப் பங்கிலிருந்து அதற்கு நல்ல சாப்பாடு போட்டிருக்கிறார்கள்.

பூனையைப் பற்றி அழுவது தப்பில்லை. இந்த அரசு எந்த அளவு சின்ன விஷயம் வரைக்கும் இறங்கி வந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. தட்டச்சுப்பொறி, வானொலி, சைக்கிள், தொலைபேசி, கம்பளிக் கோட்டு, பூக்கடையில் பூ வாங்கும் உரிமை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி உட்கார்ந்து உத்தரவு எழுதியிருக்கிறான். பெர்லினில் யூதர்கள் மாலை நான்கிலிருந்து ஐந்துக்குள்தான் கடைக்குப் போகலாம். அந்த நேரத்தில் கடையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்ற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 16

பெர்லினின் ரோஸன்ஷ்ட்ராஸெ தெருவில் நடந்தது பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வரத்தான் போகிறது என்று தெரியும்.

1943 பிப்ரவரி 27 அன்று பெர்லின் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை செய்துகொண்டிருந்த யூதர்களை ஒரேயடியாக வளைத்துப் பிடித்தார்கள். கலப்புமணத்தில் இருந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும், ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைத் தனியாக எடுத்து, ரோஸன்ஷ்ட்ராஸெ 2-4 என்ற முகவரியில் இருந்த யூத சமூக அலுவலகத்தில் அடைத்தார்கள். சாயங்காலம் கணவன் வீடு திரும்பவில்லை. மனைவிகள் தேடிக்கொண்டு வந்தார்கள். ரொட்டிப் பொட்டலம், சவரக் கத்தி, எதையாவது உள்ளே கொடுத்து அனுப்பி, ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் சாக்கு. கூட்டம் கலையவில்லை. "எங்கள் கணவர்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று குரல் எழுந்தது. நடுவில் மார்ச் 1 இரவு பெர்லின் மீது பெரிய குண்டுவீச்சு. மறுநாளும் வந்து நின்றார்கள். மார்ச் 6 முதல் உள்ளே இருந்தவர்களை விடுவிக்க ஆரம்பித்தார்கள். அவுஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்ட இருபத்தைந்து ஆண்களையும் திருப்பி அழைத்தார்கள். அவுஷ்விட்ஸிலிருந்து! இப்படி ஒன்று வேறெங்கே நடந்தது?

"பெண்கள் கோயபெல்ஸைத் தோற்கடித்தார்கள்" (ஹிட்லரின் பிரச்சார அமைச்சர்) என்று கீழே எழுதியவருக்கு: கொஞ்சம் பொறுங்கள். நேதன் ஸ்டோல்ட்ஸ்ஃபுஸ் என்ற வரலாற்றாசிரியர் கிட்டத்தட்ட உங்கள் கட்சிதான். வோல்ஃப் குரூனர் என்பவர் ஆவணங்களை வைத்து மறுக்கிறார். கலப்புமணக்காரர்களை அப்போது நாடுகடத்தும் திட்டமே இல்லை, ஆள் யார் என்று சரிபார்க்கவும், யூத நிறுவனங்களில் வேலை செய்து நாடுகடத்தப்பட இருந்தவர்களின் இடத்துக்கு மாற்றாள் பொறுக்கவும்தான் அடைத்து வைத்தார்கள் என்பது அவர் வாதம். எந்திரத் துப்பாக்கியைப் பெண்களுக்கு நேராகத் திருப்பினார்கள் என்பது சில சாட்சியங்களில் வருகிறது, அதிலும் தகராறு உண்டு.

எனக்கு இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நிற்கத் தோன்றவில்லை. வாசலில் நின்ற பெண்ணுக்குத் திட்டம் என்ன என்று தெரியாது. நின்றாள். அதே வாரத்தில் கலப்புமணப் பாதுகாப்பு இல்லாத ஆயிரக்கணக்கான யூதர்கள் அதே ஊரிலிருந்து அவுஷ்விட்ஸுக்குப் போனார்கள், அவர்களுக்காக எந்த வாசலிலும் கூட்டம் இல்லை. இதையும் சேர்த்துச் சொல்லாமல் ரோஸன்ஷ்ட்ராஸெயைச் சொல்வது பாதிக் கதை.

அந்த இடத்தில் இன்றைக்கு ஒரு சின்னப் பூங்கா. இங்கெபோர்க் ஹுன்ட்ஸிங்கர் செதுக்கிய பெண்கள் சிற்பங்கள், 1995இல் வைத்தவை. நான் போகும்போதெல்லாம் பக்கத்து அலுவலகக்காரர்கள் அங்கே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து நின்ற இடம்தானே.

பிப்ரவரி 20

"சீருடைக்காரனை ஏன் ஒதுக்குகிறீர்கள், ராணுவ வீரனுக்குக் காதல் இருக்காதா?" இருந்தது. கோடி கோடியாகக் கடிதங்கள் போயின. களத் தபாலுக்குச் சாதாரணக் கடிதத்துக்கு அஞ்சல் தலை வேண்டாம், முகவரிக்குப் பதில் ஒரு எண் மட்டும். அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே அவளுக்குத் தெரியாது. உறையை ராணுவத் தணிக்கைக்காரன் பிரிக்கக்கூடும் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே கடிதங்களில் நிறைய வானிலை, நிறைய உருளைக்கிழங்கு.

இரும்புத் தொப்பிக் கல்யாணம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போர் தொடங்கிய 1939லேயே சட்டம் வந்துவிட்டது. மாப்பிள்ளை போர்முனையில் தன் படை அதிகாரி முன்னால் சம்மதம் எழுதிக் கொடுப்பான். பிறகொரு நாள் மணப்பெண் தன் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போவாள். மேசையில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு இரும்புத் தொப்பி. பதிவாளர் வாசிப்பார், அவள் தொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆம் என்பாள். நம் ஊரில் வாளுக்கு மாலை போட்ட கதை கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஆனால் இது இருபதாம் நூற்றாண்டு, முத்திரை, நகல், கட்டணம் எல்லாம் சகிதம்.

1941இல் இன்னும் ஒரு படி போனார்கள். காதலன் செத்தே போயிருந்தாலும், மணக்கும் எண்ணம் அவனுக்கு இருந்தது என்று காட்டினால், அவனுக்கு மனைவியாகப் பதிவு செய்யலாம். வயிற்றில் பிள்ளை, கையில் விதவை ஓய்வூதியம். இதைப் படித்தபோது சிரித்தேன். அடுத்து, அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துச் சிரிப்பை நிறுத்தினேன். பிணத்துக்குக் கல்யாணம் செய்துவைத்த அதே அரசு, பக்கத்துத் தெருவில் உயிரோடு இருக்கிற இருவரைப் பிரிக்கத் துடித்தது.

பிப்ரவரி 24

சாப்பாடு பற்றி ஒரு எரிச்சல். பல நாவல்களில் 1942இலேயே பெர்லின் குடும்பங்கள் புல்லைத் தின்கின்றன. போருக்கு நாலு நாள் முன்பே, 1939 ஆகஸ்ட் 28இல் ரேஷன் அட்டை வந்தது உண்மை. இறைச்சி வாரம் 500 கிராமில் ஆரம்பித்து 1942 ஏப்ரலில் 300 கிராம் ஆனது. காப்பி என்பது வறுத்த பார்லியும் சிக்கரியும். நிஜக் காப்பிக்கொட்டை பெரிய குண்டுவீச்சுக்குப் பின் ஆறுதல் பரிசாகக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் சாதாரண ஜெர்மானியர் பட்டினி கிடக்கவில்லை. ஏன்? போலந்திலும் உக்ரைனிலும் கிரீஸிலும் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பட்டினி அங்கே நடந்தது. இதைச் சொல்லாமல் பெர்லின் சமையலறையில் கண்ணீர்க் காட்சி வைப்பது எனக்கு ஒவ்வாது.

என் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருந்தார், போர்க்காலத்தில் சிறுமி. உருளைக்கிழங்கை வேகவைத்த பிறகுதான் தோலை உரிப்பார், அதுவும் நகத்தால், காகிதம் போல மெல்லிசாக. பச்சையாகச் சீவினால் கிழங்கு வீணாகும் என்று அம்மா அடித்தாராம். "போரிலா?" என்று கேட்டேன். "இல்லை, அதற்கப்புறம்" என்றார். 1946-47 குளிர்காலத்தைத்தான் அவர் பசி என்று சொல்வார். அப்போது சில நகரங்களில் ஒரு நாளைக்கு 1,000 கலோரிகூடத் தேறவில்லை. போர் பற்றிக் கேட்டால் நிலவறையில் பாட்டுப் பாடியதைச் சொல்வார். அதே தெருவில் இருந்த யூதக் குடும்பம் எங்கே போனது என்று கேட்டபோது, "ஒருநாள் இல்லை" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 2

முதல் கேள்விக்கு நான் "காப்பாற்றியது" என்று பட்டென்று பதில் சொன்னேன். அது பாதிதான். காதல் ஆளைக் கொன்றதும் உண்டு, அதுவும் சட்டப்படி.

1944இல் ஜெர்மனியில் எழுபது லட்சத்துக்கும் மேல் அயல்நாட்டுத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள், பெரும்பாலோர் கட்டாயத்தின் பேரில். பண்ணையில் ஆண்பிள்ளைகள் எல்லாம் போர்முனைக்குப் போயிருக்க, மாட்டுக்குப் புல் போட, கதிர் அறுக்க ஒரு போலந்துப் பையன் வருவான். சட்டையில் 'பி' எழுத்துப் பட்டை. ஒரே மேசையில் அவனோடு சாப்பிடக் கூடாது என்று அறிவுறுத்தல். 1940 மார்ச்சில் வந்த உத்தரவுகளின்படி, ஜெர்மன் பெண்ணோடு உறவு என்றால் அவனுக்குச் சாவு. பல ஊர்களில் மரத்தில் தூக்கிலிட்டு, மற்ற போலந்துத் தொழிலாளர்களை வரிசையாக நடத்திவந்து பார்க்க வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு மொட்டை அடித்து, கழுத்தில் அட்டை மாட்டி, ஊர்ச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். 1941 அக்டோபரில் இந்தச் சதுக்கக் கூத்தை ஹிட்லரே நிறுத்தச் சொன்னார். பிறகும் சிறையும் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் வதை முகாமும் இருந்தன.

யார் காட்டிக்கொடுத்தது? நாவலில் எப்போதும் கறுப்புத் தோல் கோட்டு போட்ட கெஸ்டபோக்காரன் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துவிடுவான். நிஜத்தில் கெஸ்டபோவில் ஆள் குறைவு. அவர்களுக்குக் கடிதம் எழுதியது அண்டை வீட்டுக்காரி, கூட வேலை செய்தவன், சொத்துத் தகராறு இருந்த மைத்துனன். நிலத்தை இரண்டடி தள்ளி உழுததற்குப் பழிவாங்க ஒரு வரி எழுதிப் போட்டால் ஒரு பையன் மரத்தில் தொங்குவான். இந்த மைத்துனனை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். அவனை மையமாக வைத்து ஒரு நாவல் வந்தால் வரிசையில் நின்று வாங்குவேன்.

மார்ச் 2, பிறகு

இல்லை, அதை "காதல்" என்றே எப்போதும் சொல்லிவிடவும் முடியாது. உத்தரவு போடும் இடத்தில் இருந்த பண்ணைக்காரிக்கும் அடிமைப் பையனுக்கும் நடுவில் நடந்தது எல்லாமே விருப்பத்தோடு நடந்ததா? தலைகீழாகவும் பார்க்க வேண்டும். ஜெர்மன் மேற்பார்வையாளனும் உக்ரைன் பெண்ணும் என்றால் கதை வேறு. விசாரணைக் கோப்பில் இருப்பது மிரட்டி வாங்கிய வாக்குமூலம். யார் யாரை நேசித்தார்கள் என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

மார்ச் 7

சரி, சினிமாவுக்கே சவால் விடும் ஒன்று. ஓட்டோ வைட்.

பெர்லின் ரோஸன்தாலர் ஷ்ட்ராஸெ 39இல் துடைப்பமும் தூரிகையும் செய்யும் பட்டறை. முதலாளி வைட்டுக்கே பார்வை அநேகமாகப் போய்விட்டது. வேலை செய்தவர்கள் பார்வையற்ற, காது கேளாத யூதர்கள். ராணுவத்துக்குச் சரக்குப் போகிறது, ஆகவே "போருக்கு அவசியமான" தொழில் என்று ஒரு முத்திரை. அந்த முத்திரையை வைத்துக்கொண்டு, கள்ளச் சந்தையில் பண்டம் மாற்றி, கெஸ்டபோக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்து, ஆட்களை முடிந்தவரை காப்பாற்றி வைத்தார். கடைசி அறையில், ஜன்னல் இல்லாத இடத்தில், வாசலை ஒரு துணி அலமாரியால் மறைத்து நான்கு பேர் கொண்ட குடும்பத்தை ஒளித்து வைத்தார். அவர்கள் பிடிபட்டார்கள்.

அலுவலகத்தில் வேலை பார்த்த ஆலிஸ் லிஷ்ட் என்ற இளம்பெண் மீது அவருக்குக் காதல். அவரை விட முப்பது வயதுக்கு மேல் இளையவர். வைட்டுக்கு மனைவி உண்டு. ஆலிஸையும் பெற்றோரையும் தெரெஸியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்களுக்குப் பொட்டலம் பொட்டலமாக உணவு அனுப்பினார். 1944 மே மாதம் அவர்களை அவுஷ்விட்ஸுக்கு ரயில் ஏற்றினார்கள். ஓடும் ரயிலிலிருந்து ஆலிஸ் வைட்டுக்கு ஒரு அஞ்சலட்டையை வெளியே வீசினார். யாரோ எடுத்துத் தபாலில் போட்டிருக்கிறார். அது வந்து சேர்ந்தது!

வைட் கிளம்பினார். கண் தெரியாத அறுபது வயதுக்காரர், துடைப்பம் விற்க வந்தவர் போல அவுஷ்விட்ஸுக்குப் போனார். ஆலிஸை அங்கிருந்து கிறிஸ்டியன்ஷ்டாட் என்ற கிளை முகாமுக்கு மாற்றிவிட்டதாகத் தெரிந்தது. அங்கே போய், முகாமுக்கு வெளியே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, உடையும் பணமும் வைத்து, ஒரு போலந்துத் தொழிலாளி மூலம் அவருக்குச் செய்தி சேர்ப்பித்தார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்தபோது ஆலிஸ் தப்பித்து பெர்லின் வந்து, போர் முடியும்வரை வைட் வீட்டிலேயே ஒளிந்திருந்தார். பெற்றோர் திரும்பவில்லை.

அப்புறம்? 1946இல் ஆலிஸ் அமெரிக்கா போய்விட்டார். வைட் 1947இல் பெர்லினில் இறந்தார். நாவலாசிரியருக்கு இந்த முடிவு பிடிக்காது, மாற்றிவிடுவார். உயிரைக் காப்பாற்றியவனோடுதான் வாழ வேண்டும் என்பது நாவல் சட்டம். ஆலிஸுக்கு அந்தச் சட்டம் இல்லை. அந்த வீட்டில், மனைவியும் இருக்க, இவர்கள் மூவரும் அந்தக் கடைசி மாதங்களை எப்படிக் கழித்தார்கள் என்பதுதான் எனக்கு அஞ்சலட்டையை விட ஆர்வம் தருகிறது.

மார்ச் 8

நிஜமாகவே அப்படித்தான் அவுஷ்விட்ஸுக்குப் போனாரா என்று கேட்டவருக்கு: ஆமாம், துடைப்ப வியாபாரி என்று சொல்லிக்கொண்டுதான். நான் சேர்த்த மசாலா இல்லை.

மார்ச் 15

"இவ்வளவு குறை சொல்கிறீர்களே, அந்த நாவல்களை ஏன் படிக்கிறீர்கள்?" நியாயம். ரயிலில் படிக்கிறேன், பனி நிலையக் காட்சியில் எனக்கும் கண் கலங்குகிறது. கலங்கட்டும். என் புகார் ஒன்றுதான். இவை எல்லாம் 1945 மே மாதம் ரயில் மேடையில் கட்டிப்பிடித்ததும் முடிந்துவிடுகின்றன. மேற்கு ஜெர்மனியில் போருக்குப் பிந்தைய விவாகரத்து 1948இல் உச்சத்துக்குப் போயிற்று. இரும்புத் தொப்பியை மணந்தவளுக்கு, தொப்பிக்குள்ளிருந்து இறங்கி வந்த ஆளைத் தெரியாது. கைதி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவனைப் பார்த்துப் பிள்ளை "அம்மா, இந்த மாமா எப்போது போவார்?" என்று கேட்கும். அவள் அதற்குள் இடிபாட்டுச் செங்கல் சுமந்து, கள்ளச் சந்தையில் சிகரெட்டைக் கொடுத்து வெண்ணெய் வாங்கிக் குடும்பம் நடத்தப் பழகிவிட்டாள். அவன் வந்ததும் "என் நாற்காலி எங்கே" என்கிறான். சோவியத் முகாம்களிலிருந்து கடைசிக் கைதிகள் வந்தது 1955-56இல். பத்து வருஷம் காத்திருந்தவளும் உண்டு, காத்திராமல் வேறொருவனோடு வாழ்ந்தவளும் உண்டு. இரண்டாமவளைக் கெட்டவளாக்காமல் எழுத ஒரு ஆள் வேண்டும்.

கிளெம்பெரர்கள் தங்கள் மேட்டு வீட்டுக்கே திரும்பினார்கள். எவா 1951இல் இறந்தார். விக்டர் அடுத்த வருஷமே மறுமணம் செய்துகொண்டார், தன்னை விடப் பல வயது இளைய பெண்ணை. "ஐயோ" என்று யாரும் எழுதாதீர்கள்.

மார்ச் 16

வைட் பட்டறைக்கு (இப்போது அது அருங்காட்சியகம்) வழி கேட்டவருக்கு: ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்தில் இறங்கி ரோஸன்தாலர் ஷ்ட்ராஸெயில் ஏறினால் 39ஆம் எண். நுழைவு, சுவரெல்லாம் கிறுக்கிய ஒரு குறுகலான முற்றம், பார்த்தால் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று இருக்கும். உள்ளேதான். அனுமதி இலவசம். அந்த ஜன்னல் இல்லாத அறைக்குள் போகலாம். கூட்டம் இருந்தால் கொஞ்சம் நின்று போங்கள், உள்ளே நாலு பேருக்கு மேல் நெரிசல்.